மாம்பழ சீசனில் விழுந்த டேட்டாபேஸ்: கிருஷ்ணகிரி கூழ் ஆலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாம்பழக்கூழ் ஆலைகள் வருடம் முழுக்கக் காத்திருப்பது மே முதல் ஜூலை வரையான சில வாரங்களுக்காகத்தான். முதலில் அல்போன்சா வரும். அது அடங்கும் நேரத்தில், இந்தப் பக்கம் பெங்களூரா என்று சொல்லும் தோத்தாபுரி வந்து குவியும். சந்தூர், காவேரிப்பட்டணம், பர்கூர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து டிராக்டரும் மினி லாரியும் ஆலை வாசலில் வரிசை கட்டும். ஒவ்வொரு வண்டியும் எடைமேடையில் இரண்டு முறை ஏறும், சரக்கோடு ஒரு தடவை, காலியாக ஒரு தடவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் விவசாயியின் ஒரு வருட உழைப்புக்கான கூலி. அந்த இரண்டு எண்களையும் பதிந்து வைப்பது ஒரு டேட்டாபேஸ். அது விழுந்தால் எடைமேடை நிற்கும். எடைமேடை நின்றால் காய் வண்டியிலேயே கிடந்து சூடேறும்.

அப்படி ஓர் ஆலையில் சீசன் உச்சத்தில் டேட்டாபேஸ் சர்வர் திரும்பத் திரும்ப விழுந்தது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த வேலையின் முழு விவரம் இது. ஆலையின் பெயரும் மென்பொருள் எழுதிக்கொடுத்தவர்களின் பெயரும் இங்கே தேவையில்லை. இதே அமைப்பு, இதே தவறான செட்டிங்குகளோடு வேறு பல இடங்களிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. கூழ் ஆலை, தக்காளி மண்டி, பட்டுக்கூடு ஏலம் என்று சில வாரங்கள் மட்டும் தலைக்குமேல் வேலை வருகிற எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும்.

அமைப்பு

வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு கிளவுட் மெஷின். 16 ஜிபி ரேம், உபுண்டு லினக்ஸ், ஸ்வாப் (ரேம் நிரம்பினால் டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) கிடையாது. அதே மெஷினில் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் 5.7, வெப் சர்வரான எஞ்சின்எக்ஸ், பக்கங்களை உருவாக்கும் பிஎச்பி நிரல்களை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் மூன்றும் ஓடின. அதன்மேல் இரண்டு பயன்பாடுகள். ஒன்று எடைமேடைத் திரை. இன்னொன்று விவசாயிகள் தங்கள் ஃபோனில் திறந்து பார்க்கும் கணக்குப் பக்கம். அன்றைய விலை முடிவானதும் சாயங்காலம் எல்லோருக்கும் ஓர் எஸ்எம்எஸ் போகும். அதில் ஒரு லிங்க் இருக்கும். தட்டினால் எத்தனை லோடு போட்டோம், எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்திருக்கிறது என்று தெரியும். நல்ல ஏற்பாடு. இதற்கு முன்பு இந்தக் கணக்கைக் கேட்க ஆலை அலுவலக வாசலில் கால்கடுக்க நிற்க வேண்டியிருந்தது.

எடைமேடையில் உட்காரும் தம்பி ஃபோனில் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணா, நாங்க ஒண்ணும் பண்றதில்லைங்கண்ணா. அதுவா போகுது, அதுவா வருது. ஆனா வர்ற வரைக்கும் வண்டி மெயின் ரோடு வரைக்கும் நின்னுடுது."

இதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டியதில்லை. தானாகப் போய்த் தானாக வருகிறது என்றால், மைஎஸ்க்யூஎல் பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) அசாதாரணமாக முடிந்துபோகிறது, லினக்ஸில் சேவைகளைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டி அதை மறுபடி கிளப்பிவிடுகிறது என்று அர்த்தம்.

நான் பார்ப்பதற்கு முன்பே இரண்டு வைத்தியம் நடந்திருந்தது. 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்' என்று பிழை வந்தபோது, மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் (ஒரே சமயத்தில் ஏற்கும் இணைப்புகளின் உச்சவரம்பு) அளவை 500 ஆக்கிவிட்டார்கள். அதன் இயல்பு அளவு 151. பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்ற புகார் வந்தபோது வரிசைப்படுத்தப் பயன்படும் சார்ட் பஃபர், டேபிள்களை இணைத்துப் படிக்கப் பயன்படும் ஜாயின் பஃபர் என்ற இரண்டு மெமரி ஒதுக்கீடுகளையும் 256 கேபியிலிருந்து 16 எம்பிக்கு ஏற்றினார்கள். தற்காலிக டேபிள்களுக்கான உச்சவரம்பு 16 எம்பி இருந்ததை 256 எம்பி ஆக்கினார்கள். தலைவலி போய்த் திருகுவலி வந்தது. அதுவரை மெதுவாக ஓடிக்கொண்டிருந்த சர்வர் அதன்பிறகுதான் விழவே ஆரம்பித்தது.

மூன்றாவது வைத்தியமாக 32 ஜிபி மெஷினுக்கு மாறலாம் என்று பேச்சு இருந்தது. அதைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். ரேம் வாங்குவது குற்றமில்லை. ஆனால் எது தின்கிறது என்று தெரியாமல் வாங்கினால், அது அந்த 32-ஐயும் தின்னும்.

லாக்கில் இல்லாத செய்தி

முதலில் திறந்தது மைஎஸ்க்யூஎல்லின் எரர் லாக். எதிர்பார்த்தபடியே விழுந்த நேரத்தில் அதில் ஒன்றுமே இல்லை. வழக்கமான வரிகள் ஓடுகின்றன, பிறகு ஓர் இடைவெளி, அடுத்து 'ஸ்டார்ட்டிங்' என்ற வரி. அதற்குக் கீழே, டேட்டாபேஸ் ஒழுங்காக மூடப்படவில்லை, கிராஷ் ரெக்கவரி (விழுந்த பின் டேட்டாவைச் சீராக்குவது) தொடங்குகிறது என்ற, மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியின் அறிவிப்பு.

பலர் தடுமாறும் இடம் இது. லாக்கில் ஒன்றும் இல்லை என்பதால் மர்மம் என்று விட்டுவிடுகிறார்கள். ஒன்றும் இல்லாததே ஒரு தடயம். மைஎஸ்க்யூஎல் தன்னுடைய பிழையால் விழுந்தால், அதாவது சிக்னல் 11 (தவறான மெமரியைத் தொட்டதற்கு இயங்குதளம் அனுப்பும் செய்தி) போன்ற ஒன்றால் விழுந்தால், கடைசி மூச்சில் ஸ்டாக் டிரேஸை (எங்கே விழுந்தது என்ற தடத்தை) லாக்கில் எழுதிவிட்டுத்தான் போகும். முறையாக நிறுத்தினால் 'ஷட்டவுன்' வரிகள் இருக்கும். இரண்டும் இல்லாமல் பாதியில் அறுந்து நின்றால், சிக்னல் 9 (உடனே கொல்லும் கட்டளை) வந்திருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். சிக்னல் 9-ஐ எந்தப் பிராசஸாலும் பிடிக்க முடியாது, தடுக்க முடியாது, லாக் எழுதவும் அவகாசம் கிடையாது.

அதை அனுப்பியது யார் என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலின் லாக்கில் பார்த்தால் உடனே கிடைத்தது: 'அவுட் ஆஃப் மெமரி: கில்டு பிராசஸ்', பக்கத்தில் மைஎஸ்க்யூஎல்லின் பெயர், அது பிடித்திருந்த மெமரியின் அளவு. லினக்ஸின் ஓஓஎம் கில்லர் செய்த வேலை. சிஸ்டம்டியின் நிலைக்குறிப்பிலும் 'சிக்னல் கில்' என்றே பதிவாகியிருந்தது. ஒவ்வொரு விழுகைக்கும் கெர்னல் லாக்கில் ஒரு வரி இருந்தது, நேரமும் நொடி பிசகாமல் பொருந்தியது.

மெமரி தீர்ந்துபோய் வேறு வழியே இல்லாதபோது லினக்ஸ் கெர்னல் ஏதாவது ஒரு பிராசஸைக் கொன்று மற்றவற்றைக் காப்பாற்றும். யாரைக் கொல்வது என்பதற்கு ஒரு மதிப்பெண் உண்டு. பெரும்பாலும் அதிக மெமரி பிடித்திருக்கிற பிராசஸுக்கே அதிக மதிப்பெண். டேட்டாபேஸ் ஓடும் மெஷினில் அது அநேகமாக டேட்டாபேஸ்தான். ஆகவே கடைசி எம்பியைக் கேட்டது ஒரு பிஎச்பி பிராசஸாக இருந்தாலும் உயிர் போவது மைஎஸ்க்யூஎல்லுக்குத்தான். செத்தது யார் என்பது லாக்கில் இருக்கும். மெமரியைத் தின்றது யார் என்பதை நாம்தான் தேட வேண்டும்.

ரீஸ்டார்ட் ஏன் சரிசெய்வது போலத் தெரிகிறது

இன்னோடிபி தன் டேட்டா பக்கங்களை வைத்துக்கொள்ளும் பஃபர் பூலுக்கு இங்கே 12 ஜிபி கொடுத்திருந்தார்கள். ரேமில் முக்கால் பங்கு கொடு என்று எங்கும் எழுதியிருக்கிறது. மெஷினில் டேட்டாபேஸ் மட்டுமே ஓடினால்தான் அந்தப் பரிந்துரை பொருந்தும். அந்த நிபந்தனையைப் பலர் கவனிப்பதில்லை.

மைஎஸ்க்யூஎல் கிளம்பும்போது இந்த 12 ஜிபியைக் கெர்னலிடம் கேட்கும். கெர்னலும் சரி என்று சொல்லிவிடும். ஆனால் ஒரு பக்கத்தில் முதன்முதலாக எழுதும்போதுதான் உண்மையான ரேம் ஒதுக்கப்படும். இருப்பதைவிட அதிகமாக வாக்குக் கொடுப்பது லினக்ஸின் இயல்பான நடைமுறை. அதனால் ரீஸ்டார்ட் ஆன உடனே பார்த்தால் நிறைய ரேம் காலியாகத் தெரியும், எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும். பகல் முழுக்க எடை பதிவாக ஆக, பழைய டேட்டா படிக்கப்பட ஆக, பஃபர் பூல் நிரம்பிக்கொண்டே வரும். சாயங்காலம் அது முழு அளவை எட்டும் நேரத்தில் எஸ்எம்எஸ் போகிறது. 'ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது' என்ற நம்பிக்கை இப்படித்தான் வளர்ந்தது. ரீஸ்டார்ட் அடுத்த விழுகையை நாளைச் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போட்டது, அவ்வளவே.

விழுந்த நேரத்துக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் உள்ள தொடர்பை மைஎஸ்க்யூஎல்லே காட்டிக்கொடுத்தது. ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை இணைப்புகள் இருந்தன, அந்த உச்சம் எப்போது வந்தது என்ற இரண்டையும் 5.7 பதிந்து வைக்கிறது. விழாமல் தப்பிய ஒரு நாளில் பார்த்தபோது உச்சம் 140. நேரம், எஸ்எம்எஸ் புறப்பட்ட சிறிது நேரத்துக்குள்.

காகிதத்தில் போட்ட கணக்கு

இந்த இடத்தில் எந்தக் கருவியும் வேண்டாம், பேனா போதும். இன்னோடிபி, சொன்ன அளவுக்குமேல் தன் நிர்வாகத்துக்காகச் சுமார் 10 சதவீதம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஆக 12 ஜிபி என்பது ஏறக்குறைய 13.2 ஜிபி. அடுத்து, ஓர் இணைப்பு ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) ஓட்டும்போது சார்ட் பஃபர் 16 எம்பி, ஜாயின் பஃபர் 16 எம்பி பிடிக்கலாம். ஒரே குவெரியில் இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இல்லாத ஜாயின் (டேபிள்களை இணைத்துப் படிப்பது) இரண்டு இருந்தால் ஜாயின் பஃபரும் இரண்டு. ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும் இணைப்புக்கு 32 எம்பி, 140 இணைப்புக்கு 4.4 ஜிபி. பிஎச்பி-எஃப்பிஎம் 150 பிராசஸ் வரை திறக்க அனுமதி இருந்தது. பிராசஸ்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் மெமரியைத் திரும்பத் திரும்ப எண்ணாமல், பங்கு பிரித்து அளந்தால் ஒன்றுக்குச் சுமார் 40 எம்பி வந்தது. மொத்தம் 5.9 ஜிபி.

கூட்டினால் 23.5 ஜிபி. மெஷினில் இருப்பது 16. தற்காலிக டேபிள்களை இன்னும் சேர்க்கவே இல்லை.

ஆலை முற்றத்தில் நாற்பது வண்டி நிற்க இடம் இருக்கும்போது வாசலில் ஐந்நூறு டோக்கன் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஆலைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் 500 என்பதற்கு அதுதான் பொருள் என்றதும் மேலாளர் புரிந்துகொண்டார். வண்டி வெளியே வரிசையில் நின்றால் தாமதம் மட்டும்தான் ஆகும். உள்ளே விட்டு நெருக்கினால் எடைமேடையே அசையாது.

தின்றது யார்

இணைப்புகள் 140 வரை ஏன் ஏறின என்பது அடுத்த கேள்வி. விவசாயிகள் நிறையப் பேர் திறக்கிறார்கள் என்பது பாதிப் பதில்தான். ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிக்காட்டிய ஒரு விதி உண்டு: உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, வருகை வேகத்தை ஒவ்வொருவரும் உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கியது. நொடிக்கு 20 பேர் லிங்கைத் தட்டுகிறார்கள், ஒவ்வொரு குவெரியும் 6 நொடி எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 120 இணைப்பு திறந்திருக்கும். அதே 20 பேர், குவெரி 0.05 நொடியில் முடிந்தால் சராசரியாக ஒரே ஓர் இணைப்பு போதும். பக்கம் திறக்காதபோது மனிதர்கள் மறுபடி மறுபடி தட்டுவார்கள் என்பதையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிதாகும். இணைப்புகளின் எண்ணிக்கை இங்கே வெறும் அறிகுறிதான். நோய், குவெரி எடுத்த நேரம்.

மெதுவான குவெரிகளைப் பதியும் ஸ்லோ குவெரி லாக்கின் இயல்பான வரம்பு 10 நொடி. அதை 1 நொடிக்கு இறக்கி ஒரு மாலை மட்டும் ஓடவிட்டோம். லாக் முழுக்க ஒரே குவெரி, விவசாயி கணக்குப் பக்கத்தின் குவெரி. படித்த வரிசைகள் லட்சக்கணக்கில், திருப்பிக் கொடுத்தவை விரல்விட்டு எண்ணும் அளவில்.

எழுதியிருந்த விதம் இப்படி: உள்ளே ஒரு துணைக்குவெரி. அது எல்லா விவசாயிகளின் எல்லா லோடுகளையும் பெயர், ஊர், ரகம் என்று குழுவாகச் சேர்த்துக் கூட்டுகிறது. வெளியே ஒரு நிபந்தனை, அந்தக் கூட்டலிலிருந்து இந்த ஒரு விவசாயியை மட்டும் எடு என்று. படிப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் மைஎஸ்க்யூஎல் 5.7 வெளி நிபந்தனையை இப்படிப்பட்ட துணைக்குவெரிக்குள் தள்ளாது. அந்த வசதி 8.0.22 பதிப்பில்தான் வந்தது. ஆகவே ஒருவர் தன் கணக்கைப் பார்க்க லிங்கைத் தட்டும் ஒவ்வொரு தடவையும், ஆலைக்குக் காய் போட்ட அத்தனை பேரின் எல்லா வருடக் கணக்கும் புதிதாகக் கூட்டப்பட்டு ஒரு தற்காலிக டேபிளாக மெமரியில் எழுதப்பட்டது. அதிலிருந்து அவருடைய சில வரிகளை எடுத்துக்கொண்டு மீதி தூக்கி எறியப்பட்டது.

அந்தத் தற்காலிக டேபிளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். தமிழில் டேட்டா வைத்திருக்கும் எல்லோருக்கும் இது முக்கியம். 5.7-ல் மெமரித் தற்காலிக டேபிள்கள் நிலையான நீளமுள்ள வரிசைகளாகவே வைக்கப்படுகின்றன. வார்கேர் 255 (255 எழுத்துக்குறி வரை) என்று அறிவித்த ஒரு பத்தி, உள்ளே எவ்வளவு இருந்தாலும், முழு நீளத்தையும் பிடித்துக்கொள்ளும். யூடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் ஓர் எழுத்துக்குறிக்கு 4 பைட் வரை ஒதுக்க வேண்டும் என்பதால் அது 1,020 பைட். 'கிருஷ்ணகிரி' என்ற சொல்லில் யூனிகோடு குறிகள் 11. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக டிஸ்கில் 33 பைட். அதே சொல் இந்தத் தற்காலிக டேபிளில் 1,020 பைட்டை அடைத்துக்கொள்கிறது. பெயர், ஊர், ரகம் என்று மூன்று பத்திகள், மூன்றும் வார்கேர் 255. ஒரு வரிசைக்கு 3,060 பைட், மற்ற பத்திகள் தனி. இப்படி 20,000 வரிசை சேர்ந்தால் 60 எம்பி ஆகிவிடும். ஒரே நேரத்தில் 40 பேர் திறந்தால் 2.4 ஜிபி.

பழைய உச்சவரம்பு 16 எம்பி இருந்தவரை, இந்த டேபிள் அதைத் தாண்டியதும் டிஸ்குக்குப் போய்விடும். பக்கம் மெதுவாகும், ஆனால் சர்வர் உயிரோடு இருக்கும். வரம்பை 256 எம்பி ஆக்கியதும் எல்லாமே ரேமிலேயே தங்கின. 'மெதுவாக இருக்கிறது' என்ற புகாரை 'விழுகிறது' என்று மாற்றியது இந்த ஒற்றை மாற்றம்தான் என்பது என் முடிவு.

அதோடு இன்னொன்று. விவசாயியைச் செல்பேசி எண்ணால் தேடும் குவெரியில், அந்த எண் மேற்கோள் குறி இல்லாமல் வெறும் எண்ணாகப் போய்க்கொண்டிருந்தது. டேபிளில் அந்தப் பத்தி எழுத்து வகை. எழுத்துப் பத்தியை எண்ணோடு ஒப்பிட்டால் மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு மதிப்பையும் எண்ணாக மாற்றிப் பார்க்கும், இருக்கிற இன்டெக்ஸ் பயன்படாது. குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் போட்டால் முழு டேபிளும் படிக்கப்படுவது ஒரே வரியில் தெரிகிறது. பணப்பட்டுவாடா டேபிளில் சீட்டு எண்ணுக்கு இன்டெக்ஸே இல்லை. ஜாயின் பஃபர் வேலைக்கு வந்தது அதனால்தான்.

செய்தவை

சீசன் நடுவில் சர்வரை நிறுத்த முடியாது. நல்லவேளையாக 5.7-ல் பஃபர் பூலை ஓடிக்கொண்டிருக்கும்போதே குறைக்கலாம். ஆலையில் இறக்கம் குறைந்த நள்ளிரவில் 12 ஜிபியை 6 ஜிபி ஆக்கினோம். சுருக்கும்போது பக்கங்களை இடம் மாற்ற நேரம் எடுக்கும், நீண்ட பரிவர்த்தனை எதுவும் ஓடாத நேரமாகப் பார்க்க வேண்டும். சார்ட், ஜாயின் பஃபர்களையும் தற்காலிக டேபிள் வரம்பையும் இயல்பு அளவுக்கே திருப்பினோம். இவை புதிதாக வரும் இணைப்புகளுக்குத்தான் பொருந்தும் என்பதால் பிஎச்பி-எஃப்பிஎம்மை ஒருமுறை ரீலோடு செய்தோம். அதன் பிராசஸ் வரம்பு 150-லிருந்து 50. மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் 80. எல்லா மாற்றங்களையும் உடனே கான்ஃபிக் கோப்பிலும் எழுதினோம். இல்லையென்றால் அடுத்த ரீஸ்டார்ட்டில் பழைய அளவுகள் திரும்பி வந்துவிடும்.

புதுக் கணக்கு: பஃபர் பூல் 6.6 ஜிபி, 80 இணைப்புக்கு மோசமான நிலையில் 1.4 ஜிபி, பிஎச்பிக்கு 2 ஜிபி, இயங்குதளத்துக்கு 1 ஜிபி. மொத்தம் 11. மிச்சமிருக்கும் 5 ஜிபியை யாருக்கும் கொடுக்கவில்லை. கோப்பு கேஷ், பேக்கப், எதிர்பாராத நேரம் எல்லாவற்றுக்கும் அது வேண்டும்.

அதன்பிறகு, எனக்கு இந்த வேலையிலேயே மிக முக்கியமாகப் பட்ட மாற்றம். எடைமேடையும் கணக்குப் பக்கமும் அதுவரை ஒரே டேட்டாபேஸ் பயனர் பெயரில் நுழைந்துகொண்டிருந்தன. இரண்டாகப் பிரித்து, கணக்குப் பக்கத்தின் பயனருக்கு 40 இணைப்பு என்று தனி வரம்பு வைத்தோம். எஸ்எம்எஸ் போகும் நேரத்தில் எத்தனை பேர் தட்டினாலும் எடைமேடைக்கு இடம் எப்போதும் காலியாக இருக்கும். கணக்கு இரண்டு நிமிடம் கழித்துத் தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வெயிலில் நிற்கும் காய்க்கு நஷ்டம் உண்டு. எதை முதலில் காப்பாற்றுவது என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும், சர்வர் அதைச் செயலாக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் ஓடவிட்டால் யார் முந்துகிறாரோ அவருக்கே இடம்.

குவெரியை மாற்றி எழுதியது அடுத்த வேலை. முதலில் விவசாயியின் அடையாள எண், சீசன் இரண்டையும் வைத்து வடிகட்டி, பிறகு கூட்டச் சொன்னோம். அந்த இரண்டு பத்திகளுக்கும் சேர்த்து ஒரு கூட்டு இன்டெக்ஸ். பணப்பட்டுவாடா டேபிளுக்கு ஓர் இன்டெக்ஸ். செல்பேசி எண் எழுத்தாகவே போகும்படி திருத்தம். இன்டெக்ஸ் கட்டும்போது டேபிளைப் பூட்டாமல் செய்ய இன்னோடிபியில் வழி இருக்கிறது, டிஸ்கில் போதிய இடம் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன்பிறகு இந்தக் குவெரி ஸ்லோ லாக்கில் தலைகாட்டவில்லை. எஸ்எம்எஸ்ஸை எல்லோருக்கும் ஒரே மூச்சில் அனுப்பாமல் தொகுதி தொகுதியாக அனுப்பும்படி மாற்றியது சின்ன விஷயம், ஆனால் அன்று மாலையே பலன் தெரிந்தது.

ஓஓஎம் கில்லரிடமிருந்து மைஎஸ்க்யூஎல்லுக்கு விலக்கு கொடுக்கலாமே என்று கேட்டார்கள். சிஸ்டம்டியில் ஒரு வரி எழுதி அதன் மதிப்பெண்ணைக் குறைக்கலாம். மெமரிக் கணக்கு சரியான பிறகு அதையும் செய்தோம். கணக்கு சரியாகாமல் செய்தால், கெர்னல் அடுத்ததாக நாம் உள்ளே நுழையும் எஸ்எஸ்எச்சைக் கொல்லக்கூடும், அப்போது பார்க்கக்கூட வழியிருக்காது. 2 ஜிபி ஸ்வாப் வைத்ததும் அப்படித்தான். திடீர் உயர்வைத் தாங்கி, எச்சரிக்கை வந்துசேர அவகாசம் கொடுக்கும், அதற்குமேல் அதை நம்பக்கூடாது. டேட்டாபேஸ் ஸ்வாப்பில் ஓட ஆரம்பித்தால் விழாமலேயே விழுந்தது போலத்தான்.

ஒரே எண்ணில் இரண்டு சீட்டு

இத்தனைக்கும் நடுவில் ஆலை வாசலில் ஒரு தகராறு. இரண்டு விவசாயிகள் கையில் ஒரே எண் போட்ட எடைச் சீட்டு. கணினியில் ஒருவர் லோடு மட்டும்தான் இருக்கிறது. இன்னொருவர் போலிச் சீட்டு கொண்டுவந்தார் என்று பேச்சு கிளம்பிவிட்டது. சர்வர் விழுந்ததால் ஆலைக்கு ஆன நஷ்டத்தைவிட இது எனக்குப் பெரிதாகப் பட்டது. காய் போட்ட மனிதர் தன் நேர்மையை நிரூபிக்க நிற்க வேண்டிய நிலை.

காரணம் பயன்பாட்டின் வரிசையில் இருந்தது. அது சீட்டு டேபிளில் ஒரு வரியைச் சேர்க்கிறது, தானாக வளரும் எண்ணைப் பெறுகிறது, சீட்டை அச்சடிக்கிறது, அதற்குப் பிறகு கமிட் செய்கிறது, அதாவது பதிவை உறுதியாக்குகிறது. அச்சுக்கும் கமிட்டுக்கும் நடுவில் மைஎஸ்க்யூஎல் கொல்லப்பட்டால், சீட்டு விவசாயி கையில் இருக்கும். கிராஷ் ரெக்கவரி, கமிட் ஆகாத அந்த வரியைப் பின்வாங்கிவிடும். ரெக்கவரி செய்தது சரியான வேலைதான். ஆனால் 5.7-ல் தானாக வளரும் எண்ணின் கடைசி மதிப்பு மெமரியில் மட்டுமே இருக்கிறது. ரீஸ்டார்ட் ஆனதும் டேபிளில் இருக்கும் மிகப்பெரிய எண்ணோடு ஒன்று கூட்டித்தான் மறுபடி தொடங்கும். பின்வாங்கிய வரியின் எண் மறுபடி காலியாகத் தெரியும். அடுத்த வண்டிக்கு அதே எண் போகும். இரண்டு சீட்டும் உண்மையானவை, இரண்டும் அதே ஆலை அச்சடித்தவை.

செக்யூரிட்டி கையால் எழுதும் கேட் ரிஜிஸ்டர் அன்று உதவிக்கு வந்தது. வண்டி எண், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் மூன்றும் அதில் இருந்தன. கெர்னல் லாக்கில் ஒவ்வொரு விழுகைக்கும் முந்தைய நிமிடங்களை எடுத்து, அந்த நேரத்தில் உள்ளே இருந்த வண்டிகளை ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டு, டேட்டாபேஸில் இல்லாத லோடுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தோம். கையில் சீட்டு இருந்தவர்கள் எல்லோருக்கும் அந்தச் சீட்டில் இருந்த எடையே கணக்கில் ஏற்றப்பட்டது. இதில் ஆலை மேலாளர் தயங்கவே இல்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

கமிட் ஆன வரி எதுவும் தொலையவில்லை. பதிவு வேகத்துக்காக மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் ரீடோ லாக் எப்போது டிஸ்குக்குப் போக வேண்டும் என்ற ஃப்ளஷ் செட்டிங்கை 2 என்று வைத்திருந்தார்கள். அந்த அளவில் மைஎஸ்க்யூஎல் பிராசஸ் மட்டும் செத்தால் நஷ்டமில்லை, எழுதியது இயங்குதளத்தின் கையில் பத்திரமாக இருக்கும். மெஷினே அணைந்தால்தான் கடைசி ஒரு நொடிப் பதிவு போகலாம். எடைச் சீட்டுக்கு அந்த அபாயமும் வேண்டாம் என்று இயல்பு அளவான 1-க்கே மாற்றிவிட்டோம்.

பயன்பாட்டிலும் வரிசையைத் திருப்பினோம். முதலில் கமிட், பிறகு அச்சு. பிரிண்டர் மக்கர் செய்தால் டேட்டாபேஸிலிருந்து எடுத்து 'நகல்' என்று போட்டு மறுபடி அச்சடிக்கலாம். சீட்டு எண்ணைத் தானாக வளரும் எண்ணிலிருந்து பிரித்து, தேதி, எடைமேடை எண், அன்றைய வரிசை எண் மூன்றையும் சேர்த்த தனி எண்ணாக, இரண்டாவது முறை வரவே முடியாதபடி யூனிக் கட்டுப்பாட்டோடு வைத்தோம். 8.0 பதிப்பில் வளரும் எண் ரீடோ லாகிலும் எழுதப்படுவதால் இந்தப் பிரச்சினை பெருமளவு குறையும். அங்கேயும் ரீடோ லாக் டிஸ்குக்குப் போகும் முன் விழுந்தால் எண் மறுபடி வரலாம் என்பதால், கமிட்டுக்கு முன் அச்சடிக்கக் கூடாது என்ற விதி எந்தப் பதிப்புக்கும் பொருந்தும்.

சீசன் முடிந்த பிறகு

மைஎஸ்க்யூஎல் 5.7-க்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. புதுப் பதிப்புக்கு மாறுவதும், டேட்டாபேஸைத் தனி மெஷினுக்கு நகர்த்துவதும் காய் வரத்து நின்ற பிறகு செய்ய வேண்டிய வேலைகளாக எழுதிக்கொடுத்திருக்கிறேன். மாறும் முன் மூன்று இடங்களைச் சோதிக்க வேண்டும். 5.7-ல் குரூப் பை (குழுவாகச் சேர்க்கும் கட்டளை) போட்டாலே முடிவு வரிசையாக வந்துகொண்டிருந்தது. 8.0-ல் அப்படி வராது, ஆர்டர் பை (வரிசைப்படுத்தும் கட்டளை) தனியாக எழுத வேண்டும். தேதிவாரி லோடு அறிக்கைகள் இரண்டு அதை நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன. பழைய பிஎச்பி பதிப்பு, 8.0-ன் புதிய கடவுச்சொல் முறையோடு இணையாமல் போகலாம். யூடிஎஃப்8எம்பி4-ன் இயல்பு ஒப்பீட்டு விதியும் மாறியிருக்கிறது. பழைய டேபிளும் புதிய டேபிளும் வேறு வேறு விதியில் இருந்தால் ஜாயினில் பிழை வரும், ஆகவே எல்லா டேபிள்களையும் ஒரே விதிக்குக் கொண்டுவந்த பிறகே மாற்றம். பெயர், ஊர், ரகம் பத்திகளின் நீளத்தை 255-லிருந்து தேவையான அளவுக்குக் குறைக்கும் வேலையையும் அதோடு சேர்த்திருக்கிறோம். அடுத்த அல்போன்சா வரத்துக்கு முன், பழைய சீசனின் ஒரு மாலை நேரத்து வருகையை அப்படியே சோதனை மெஷினில் ஓட்டிப் பார்த்து, மெமரிக் கணக்கை மறுபடி போட்டுவிட்டுத்தான் எடைமேடையை அதனோடு இணைக்கப்போகிறோம்.